அப்பா கொடுத்த துண்டு

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நம் வீடுகளில் யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. “காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டு, போயிடும்” என்பார் பாட்டி. போயும் விடும். வெயிலில் காட்டாமல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் போயிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் நிற்கிறது, குழந்தையின் மலம் மஞ்சளாக இல்லாமல் வெளுத்துப் போகிறது, சிறுநீர் மட்டும் துணியில் கறை பிடிக்கிற அளவுக்கு அடர்ந்திருக்கிறது என்றால், பாட்டி வைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் குழந்தைகள் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மலத்துக்கு அந்த மஞ்சளைக் கொடுப்பது பித்தநீர். கல்லீரல் சுரக்கும் பித்தநீர் மெல்லிய குழாய்கள் வழியாகக் குடலுக்கு இறங்குகிறது. சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் கல்லீரலுக்கு வெளியே இருக்கும் இந்தக் குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்கின்றன. இறங்க வழியில்லாத பித்தநீர் உள்ளேயே தேங்கிக் கல்லீரலை அரிக்கிறது. பால்குடி மறக்கும் முன்பே அது இறுகிச் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950-களில் இதற்கு ஒரு வழி கண்டார். அடைத்த குழாய்களை நீக்கிவிட்டு, குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுபோய் நேராகக் கல்லீரலோடு தைத்துவிடுவது. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆவதற்குள் செய்தால் பலன் அதிகம். அந்தக் கெடு தவறினாலோ, செய்தும் பலிக்காவிட்டாலோ, வேறொரு கல்லீரல்தான் வேண்டும்.

காஞ்சிபுரத்துக் குடும்பம் ஒன்றின் குழந்தையான சஞ்சய் கந்தசாமிக்கு வந்தது இந்த நோய்தான். 1998 நவம்பர் 15 அன்று, டெல்லி இந்திரபிரஸ்தா அப்பல்லோ மருத்துவமனையில், அப்பாவின் கல்லீரலிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சஞ்சய்க்குப் பொருத்தினார்கள். அப்போது அவருக்கு வயது இருபது மாதம். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் கல்லீரல் மாற்று அது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தே நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து, மருத்துவம் படித்து, சொந்த ஊரிலேயே டாக்டராகிவிட்டார். எங்கள் வாலாஜாபாத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடுகிற ஊர். “லிவர் ஆபரேஷனா? அதெல்லாம் பிழைக்காதுங்க” என்று கையை விரிக்கிற எங்கள் ஊர்க்காரர்களிடம் நான் எடுத்துப் போடுவது இந்தக் கதையைத்தான்.

ஒரு மனிதர் தன் கல்லீரலில் பங்கு கொடுத்துவிட்டு எப்படி நன்றாக இருக்க முடிகிறது? கல்லீரல் வெளிப் பார்வைக்கு ஒரே கட்டிதான். ஆனால் பிரெஞ்சு உடற்கூறியலாளர் குய்னோ 1950-களில் அதற்குள் எட்டுப் பகுதிகளை இனம் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் தனி ரத்த வரத்து, தனி பித்த வடிகால். அதனால்தான் இடது ஓரத்தில் இருக்கும் இரண்டு பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து ஒரு குழந்தைக்கு வைக்க முடிகிறது. சின்ன வயிற்றுக்கு அதுவே போதும்.

கொடுத்தவரிடம் மிச்சம் இருப்பது வளர்கிறது. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: வெட்டிய இடத்தில் புதிதாக ஒரு பகுதி துளிர்ப்பதில்லை. மீதியுள்ள பகுதிகள் பருத்து, பழைய எடையை எட்டிவிடுகின்றன. எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை நீக்கினாலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடுவதை 1931-லேயே ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் காட்டிவிட்டார்கள். மனிதருக்குச் சில வாரங்கள், சில மாதங்கள் ஆகும்.

வளர்வதைவிட எனக்கு ஆச்சரியம் தருவது அது நிற்கும் இடம். 1992-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் குழுவினர் ஒரு பபூன் குரங்கின் கல்லீரலை மனிதர் ஒருவருக்குப் பொருத்தினார்கள். அவர் எழுபது நாள் வாழ்ந்தார். அதற்குள் அந்தக் குரங்குக் கல்லீரல் மனிதக் கல்லீரலின் பருமனுக்கு வளர்ந்திருந்தது. தான் எந்த உடம்பில் இருக்கிறோமோ அந்த உடம்பின் தேவைக்கேற்பத் தன் அளவை அமைத்துக்கொள்கிற உறுப்பு இது. அப்பாவின் வயிற்றில் ஒரு ஓரமாக இருந்த துண்டு, குழந்தைக்குள் போனதும் குழந்தை வளர வளரத் தானும் வளர்ந்து முழுக் கல்லீரலாகிறது. அது யாருடைய கல்லீரல், அதற்கு என்ன வயது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

எடுத்த துண்டைப் பொருத்துவதில் இருக்கிறது கைவேலை. இங்கே பட்டு ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 1894 ஜூனில் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கத்தி கிழித்தது, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை. கிழிந்த சிரையைத் தைக்கிற வித்தை அன்றைக்கு யாரிடமும் இல்லை, அவர் இறந்துபோனார். அதே ஊரில் அப்போது மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சிஸ் காரெலுக்கு இது மனதில் தைத்துவிட்டது. லியோன் ஐரோப்பாவின் பெரிய பட்டு நகரம். காரெல் அங்கே லெருதியே என்ற பூவேலைக்காரப் பெண்மணியிடம் போய், மிக மெல்லிய ஊசியும் பட்டு நூலும் வைத்துத் தைக்கக் கற்றுக்கொண்டார். ரத்தக்குழாயின் இரு முனைகளை இணைக்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். பிற்காலத்தில் அவர் மனித இனத்தைப் பற்றி எழுதிய கருத்துகள் படிக்கவே கூசுபவை. கைத்திறமையும் மனமும் ஒன்றாகவே வளரவேண்டும் என்று கட்டாயமில்லை போலும். பட்டு நூலுக்குப் பதில் இன்று ரத்தக்குழாய் தைக்கச் செயற்கை இழைதான். முறை மட்டும் பெரும்பாலும் அவருடையது.

தறியில் பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, ஒவ்வொரு இழையின் முனையையும் அதற்குரிய பழைய இழையோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பவரைப் பார்த்தவர்களுக்கு அறுவை அரங்கில் நடப்பது பிடிபடும். ஓர் இழை தப்பினால் சேலை முழுக்க அந்தக் கோடு ஓடும். இங்கே சேர்க்க வேண்டியவை சிரைகள், தமனி, பித்தக்குழாய் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஆனால் குழந்தையின் கல்லீரல் தமனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் செய்த வேலை அத்தனையும் வீண். அதனால் முதல் சில நாட்கள் ஐ.சி.யூ.வில் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து, ரத்தம் ஓடுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

புதுக் கல்லீரல் வேலை செய்கிறது என்பதற்கு ரத்தப் பரிசோதனை ஆயிரம் சான்று தரும். குடும்பம் நம்புவது வேறொன்றை. வெளுத்த மலமே பார்த்துப் பழகிய அம்மா, ஒரு நாள் குழந்தையின் துணியில் மஞ்சளைப் பார்க்கிறாள். ‘பித்தம் இறங்கிவிட்டது’ என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மலத்தின் நிறத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுகிறவர்கள் உலகத்திலேயே இந்த வார்டில்தான் இருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் நீண்ட கதை. உடம்புக்கு நன்றி தெரியாது. தனதல்லாத எதையும் அடித்து விரட்டுவதே அதன் வேலை. வந்தது நோய்க்கிருமியா, அப்பா கொடுத்த உயிர்ப்பிச்சையா என்று அது பார்ப்பதில்லை. பாதி அடையாளம் அப்பாவிடமிருந்து வந்ததுதான் என்றாலும், மீதிப் பாதி அந்நியம். அந்த மீதிப் பாதிக்காகப் படையெடுத்து வரும். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, உருவொத்த இரட்டையரிடையே நடந்ததற்குக் காரணம் இதுதான். அவர்களுக்குள் அந்நியம் என்பதே இல்லை. மற்றவர்களுக்கு வழி திறந்தது மண்ணிலிருந்து. நார்வேயின் ஒரு மேட்டுநில மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. ஜப்பானின் சுகுபா மலையடிவார மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து 1984-இல் டாக்ரோலிமஸ் வந்தது. இரண்டும், படையைத் திரட்டச் சொல்லி ரத்த வெள்ளணுக்களுக்குள் எழும் ஆணையை நடுவழியில் தடுக்கின்றன. 1963-இல் ஸ்டார்ஸல் செய்த உலகின் முதல் கல்லீரல் மாற்றில், இதே பித்தக்குழாய் நோய் கொண்ட மூன்று வயதுக் குழந்தை அறுவை மேஜையிலேயே இறந்துபோனது. அன்றைக்கும் 1998-க்கும் இடையில் கத்தி எவ்வளவு முன்னேறியதோ, அதைவிட மாத்திரை முன்னேறியது என்பது என் கணக்கு.

டாக்ரோலிமஸின் அளவு கொஞ்சம் குறைந்தால் உடம்பு உறுப்பைத் தாக்கும். கொஞ்சம் கூடினால் சிறுநீரகம் கெடும், தொற்று வரும். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம்தான் மருந்து இருக்கிறது. அந்தச் சில நானோகிராமுக்குள்தான் கோடு கிழிக்க வேண்டும். ஆகவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, காலை எட்டு என்றால் இரவு எட்டு. ‘டேக் லெவல்’ பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, பிறகே போட வேண்டும். மருந்து ரத்தத்தில் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரத்து அளவே டாக்டருக்குத் தேவை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிடைத்த பம்பளிமாஸ் பழம் இனி ஆகாது. குடல் சுவரில் இந்த மருந்தைச் சிதைக்கிற ஒரு நொதி இருக்கிறது. பம்பளிமாஸ் அந்த நொதியை முடக்கிவிடும். ஆசைக்கு நாலு சுளை தின்றாலும் மருந்தின் அளவு தாறுமாறாக ஏறும்.

புதுக் கல்லீரலும் இந்த மாத்திரையுமாக ஒருவர் வாலாஜாபாத்துத் தறி வீடு ஒன்றுக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தறிச் சத்தத்துக்கு நடுவே எட்டு மணி அலாரம் அடிக்கும். குடிக்கும் தண்ணீர் கொதித்து ஆறியிருக்கும். இருமிக்கொண்டு வரும் சித்தப்பாவைத் திண்ணையிலேயே உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கும்; அவர் மனம் நோகவும் கூடாது. உறுப்பு பெற்றவர் வயதுவந்தவராக, நெசவாளியாகவே இருந்தால் இன்னொரு தொல்லை: டாக்ரோலிமஸ் சிலருக்குக் கையில் மெல்லிய நடுக்கத்தைக் கொடுக்கிறது. சரிகை இழை எடுக்கும் கைக்கு அது சின்ன விஷயமில்லை. மருந்தளவு குறையக் குறைய நடுக்கமும் பெரும்பாலும் தணியும். அதுவரை நாடா இன்னொருவர் கையில்.

நேர்த்திக்கடன் அடுத்த சிக்கல். ஐ.சி.யூ. வாசலில் நின்றவர்கள் வேண்டிக்கொள்ளாத சாமி இருக்காது. பிழைத்து வந்தால் மொட்டை, பிழைத்து வந்தால் கருட சேவை. ஆனால் முதல் ஒரு வருடம்தான் மருந்தின் அளவு அதிகம், தொற்று வாய்ப்பும் அதிகம்; டாக்டர் கூட்டம் கூடாது என்கிறார், கொதிக்காத தீர்த்தம் கூடாது என்கிறார். 2019-இல் அத்திவரதர் நாற்பது வருடத்துக்குப் பிறகு எழுந்தருளி, 48 நாள் காஞ்சிபுரத்தில் கால் வைக்க இடமில்லாமல் இருந்தபோது, புது உறுப்போடு இருந்தவர்கள் டி.வி.யில்தான் சேவித்திருப்பார்கள். அதுவே சரி. கடனைத் தள்ளிப் போட்டால் பெருமாள் வட்டி கேட்கமாட்டார். மாத்திரையைத் தள்ளிப் போட்டால்தான் கல்லீரல் கேட்கும்.

அப்பாவுக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனாலும் கடன் இருக்கத்தான் செய்கிறது. உறுப்பு பெற்றவர்களையும் கொடுத்தவர்களையும் பல ஆண்டுகள் கூட இருந்து கவனித்த அமெரிக்கச் சமூகவியலாளர் ரெனே ஃபாக்ஸும் வரலாற்றாசிரியர் ஜூடித் ஸ்வேஸியும், திருப்பித் தரமுடியாத கொடை உறவுகளை அழுத்தும் என்று எழுதினார்கள்; கொடையின் கொடுங்கோன்மை என்றே அதைச் சொன்னார்கள். “என் லிவரை வச்சுக்கிட்டு என்னையே எதிர்த்துப் பேசறியா?” என்று ஓர் அப்பா விளையாட்டாகக் கேட்டாலும் அது முழு விளையாட்டு ஆகாது. இந்தியாவில் உயிரோடு இருந்து உறுப்பு தருபவர்களில் பெண்கள் அதிகம், பெறுபவர்களில் ஆண்கள் அதிகம் என்பதையும் இங்கே சேர்த்து யோசிக்க வேண்டும். அம்மா, மனைவி, அக்கா கொடுப்பதை நாம் கொடை என்றே கணக்கில் எழுதுவதில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும்போது அழுத்தம் வேறு மாதிரி. வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு போய், அதைத் தாண்டினால் திருக்கழுக்குன்றம். அங்கே மருத்துவர்களாக இருந்த அசோகன்–புஷ்பாஞ்சலி தம்பதியின் மகன் ஹிதேந்திரன் 2008 செப்டம்பரில் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போலீசார் சாலையை ஒழித்துக்கொடுக்க, அவருடைய இதயம் பதினோரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஒன்பது வயதுச் சிறுமிக்கு டாக்டர் கே.எம். செரியன் குழுவினர் அதைப் பொருத்தினார்கள். மாற்றிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். ஆனாலும் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். படியேறும்போது உடனே வேகமெடுக்காது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகே விரையும். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விரைந்துகொண்டே இருக்கும்.

அந்த மாதம் தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் முதன்முறையாக மூளைச்சாவு என்ற சொல்லைப் பேசின. அடுத்த மாதமே, அக்டோபரில், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி பகிரும் மாநிலத் திட்டம் தொடங்கியது; 2014-இல் அது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாக ஆனது. ஹிதேந்திரன் பெயர் ஊரறிந்தது. மற்றபடி, கொடுத்த குடும்பத்துக்கும் பெற்ற குடும்பத்துக்கும் ஒருவர் பெயரை ஒருவருக்குச் சொல்வதில்லை. காரணம் புரிகிறது: பணம் நுழையக்கூடாது, உரிமை கொண்டாடுவது நடக்கக்கூடாது. ஆனால் நன்றி சொல்லத் துடிக்கிறவர்களுக்கு முகவரி இல்லாமல் போகிறது. ஒரு குடும்பம் தெவசம் கொடுக்கும் நாளில் இன்னொரு குடும்பம் மறுபிறந்தநாள் கொண்டாடுகிறது, இரண்டுக்கும் தெரியாது. உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்ததை நான் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். பெற்றவர்கள் நேரில் போய் வைக்கமுடியாத மாலையை அதிகாரி ஒருவர் வைக்கிறார்.

உடம்புக்கு நன்றி தெரியாது என்று மேலே எழுதினேன். கல்லீரல் விஷயத்தில் அது கொஞ்சம் இறங்கி வருகிறது. கல்லீரல் மற்ற உறுப்புகளைப் போலக் கடுமையாக விரட்டப்படுவதில்லை; ரத்த வகை ஒத்துப்போனால் போதும், சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோல் திசுப் பொருத்தம் பார்ப்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஸ்டார்ஸல், வெகு காலம் முன்பு தன்னிடம் உறுப்பு பெற்றவர்களைத் திரும்ப அழைத்துச் சோதித்தார். அவர்களுடைய தோலிலும் ரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் கொடுத்தவரின் வெள்ளணுக்கள் இருந்தன. கல்லீரலோடு ஒட்டிவந்த அணுக்கள் உடம்பெங்கும் பரவி, சண்டையில்லாமல் குடியிருந்தன. ஆஸ்திரேலியாவில் ஒரு சிறுமிக்குக் கல்லீரல் மாற்றிய பிறகு அவளுடைய ரத்த வகையே கொடுத்தவரின் வகையாக மாறிவிட்டதை 2008-இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அவளுக்கு எதிர்ப்பை அடக்கும் மாத்திரையே தேவைப்படாமல் போனது. அது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் கவனமாகத் தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு, பயாப்ஸி எடுத்துப் பார்த்துக்கொண்டே மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியிருக்கிறார்கள். குழந்தைகளாக இருக்கும்போது அப்பா அம்மாவிடமிருந்து பெற்றவர்களிடம் இது கொஞ்சம் கூடுதலாகவே பலித்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. சொல்லக் காரணம் உண்டு. சிறு வயதில் கல்லீரல் பெற்ற பிள்ளைகள் நன்றாக வளர்ந்தபின் அதை இழக்கிற முக்கியக் காரணங்களில் ஒன்று, பதின்வயதில் மாத்திரையை விட்டுவிடுவது. அந்தப் பையனுக்கு ஆபரேஷன் நினைவில்லை, நோய் நினைவில்லை, வயிற்றில் ஒரு தழும்புதான் உண்டு. உடம்பு நன்றாக இருக்கிறது. நண்பர்கள் எதிரில் மாத்திரை டப்பாவைத் திறக்க வெட்கம். அப்பா கொடுத்தது, அம்மா கண்விழித்தது என்று நன்றியை நினைவூட்டினால் காது மூடிக்கொள்ளும். அதனால் இப்போது பல மருத்துவமனைகளில் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்தே பொறுப்பைக் கைமாற்றத் தொடங்குகிறார்கள். டாக்டர் பையனைப் பார்த்துக் கேட்கிறார்: மாத்திரை பேர் என்ன, எத்தனை மில்லிகிராம், போன தடவை லெவல் எவ்வளவு? பழக்கதோஷத்தில் அம்மா வாயெடுக்கிறார். “நீங்க இருங்கம்மா, அவன் சொல்லட்டும்” என்கிறார் டாக்டர்.